18,446,744,073,709,551,615: கோப்பிக் கடைப் பந்தயம்

செம்பனைக் கிராணி (சனி, இரவு 9.10)

வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்காரர்களில் கணக்கில் கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. வரும் லாரி, போகும் லாரி, குலை எடை என்று நாள் முழுக்க எண்ணோடுதான் பிழைப்பு. ஆனால் ஆறேழு இலக்கத்துக்கு மேல் போனால் எனக்குக் கண்ணைக் கட்டிவிடும்.

நேற்றுக் கோயிலில் பேச வந்தவர் சதுரங்கப் பலகைக் கதையைச் சொன்னார். அம்பலப்புழை ராஜா, கிழவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர், முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டம். அந்தக் கடனுக்குத்தான் இன்றைக்கும் அங்கே பால்பாயசம் கொடுக்கிறார்களாம். மொத்த அரிசி 18,446,744,073,709,551,615 என்று எழுதிவைத்துப் படித்தார்.

இன்று காலை பசியாறும்போது இதையே பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. “இந்த எண்ணைக் கால்குலேட்டர் தொடாமல் பகா எண்களாகப் பிரித்துக் காட்டு. ரொட்டி சானாய் என் கணக்கு. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு, அப்புறம் நான்கு, அதே பலகைக் கணக்குதான்” என்று சவால் விட்டுவிட்டார். என் மகள் பள்ளியில் படிவம் 4 படிக்கிறாள். கடைசியில் 5 இருக்கிறது, அதனால் 5ஆல் வகுபடும் என்று தொடங்கினாள். அதற்குமேல் நகரவில்லை. வழி உண்டா?

கோப்பி ஓ கோசோங் (சனி, இரவு 9.22)

இருபது இலக்கமா! என் ஐ.சி. நம்பர் 12 இலக்கம்தான், அதையே இன்னும் அட்டையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அண்ணே, பேசாமல் ரொட்டிக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள்.

பினாங்குப் பையன் (சனி, இரவு 9.41)

நமக்குச் சோறு போடும் எண் ஆயிற்றே இது. நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கணினியில் 64 பிட் இடத்தில் குறை எண்களுக்கு இடம் வைக்காமல் எழுதினால் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 64 விளக்கு, எல்லாம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று கூட்டினால் எல்லாம் அணைந்து பூச்சியத்துக்கு வந்துவிடும்.

கணினியிடம் கொடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் பிரித்துவிடும். ஆனால் பந்தயம் கையால் என்பதால் விடையை இங்கே போடவில்லை. தங்கச்சி முயற்சி பண்ணட்டும்.

கடைத்தெரு வாசகன் (சனி, இரவு 9.58)

இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், 9ஆல் வகுபடும் என்று வருகிறது. அப்படியென்றால் 5, 9, பிறகு மிச்சம்.

செம்பனைக் கிராணி (சனி, இரவு 10.15)

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் சொல்வதை எழுதுகிறேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. எட்டும் ஏழும் 15, ஒன்றும் ஐந்தும் 6. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுத்தால் மீதி 6 நிற்கும். நீங்கள் ஒரு 3-ஐ இரண்டு தடவை கூட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது அண்ணா.

7ஆல் நீள்வகுத்தல் போட்டுப் பார்த்தாளாம், ஒரு பக்கத் தாள் போய்விட்டது. மீதி 1. 11, 13 எல்லாம் நாளைக்கு என்கிறாள்.

கடைத்தெரு வாசகன் (சனி, இரவு 10.19)

90 வந்தது எனக்கு. சரி, தங்கச்சி சொல்வதுதான் சரி.

கணக்கு டீச்சர் (ஞாயிறு, காலை 7.05)

கிராணி தம்பி, அந்தத் தாளையெல்லாம் முதலில் மூடிவைக்கச் சொல்லுங்கள். இதை எண்ணாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பலகையாகப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு கட்டம் மட்டும் எடுத்துக்கொள்வோம். 1 + 2 = 3. அடுத்த இரண்டு கட்டத்தில் 4 + 8. அது வேறொன்றும் இல்லை, அதே 1 + 2, நான்கு மடங்காக. ஆக நான்கு கட்டமும் சேர்ந்தால் 3-இல் ஒரு மடங்கும் நான்கு மடங்கும், மொத்தம் ஐந்து மடங்கு. 3 × 5 = 15.

இனி அந்த நான்கு கட்டமும் ஒரே துண்டு. அடுத்த நான்கு கட்டம், அதாவது 16, 32, 64, 128, அதே துண்டுதான், 16 மடங்கு. சேர்த்தால் 17 மடங்கு. 15 × 17 = 255. பலகையில் ஒரு வரிசை முடிந்தது.

இரண்டாவது வரிசை முதல் வரிசையைப் போல 256 மடங்கு. சேர்த்தால் 257 மடங்கு. 255 × 257 = 65,535. அடுத்த இரண்டு வரிசை இதைப் போல 65,536 மடங்கு, சேர்த்தால் 65,537 மடங்கு. 65,535 × 65,537 = 4,294,967,295. பாதிப் பலகை வந்துவிட்டது. மிச்சப் பாதி முதல் பாதியைப் போல 4,294,967,296 மடங்கு. முழுப் பலகை 4,294,967,297 மடங்கு.

ஆகவே நம் எண் = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297.

எங்காவது வகுத்தோமா? இல்லை. சேலை மடிப்பது மாதிரி பலகையை ஆறு தடவை மடித்தோம், ஆறு காரணி வந்தது. படிவத்தில் படிக்கிறார்களே, இரண்டு வர்க்கங்களின் வேறுபாடு, அதைத்தான் அரிசியில் செய்திருக்கிறோம். தேர்வுக்கு அதை மனப்பாடம் பண்ணும் பிள்ளைகளுக்கு இது எங்கே உதவும் என்று யாரும் காட்டுவதில்லை, அது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

7க்குத் தாளை வீணாக்கியிருக்க வேண்டாம். 2, 4, 8, 16… என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் 7ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1, 2, 4, 1 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 64ஆவது இடத்தில் 2. நம் எண் அதைவிட ஒன்று குறைவு, ஆகவே மீதி 1. மகள் கணக்குச் சரி. 11க்கும் 13க்கும் இதே மாதிரி போட்டுப் பார்க்கட்டும், மீதி 4, 2 என்று வரும்.

செம்பனைக் கிராணி (ஞாயிறு, காலை 8.30)

டீச்சர், கும்பிடுகிறேன். பள்ளியில் எனக்கு இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் ஆபீஸ் கிராணியாகவாவது ஆகியிருப்பேன்.

என் தொழில் எடை போடுவது அல்லவா, அதனால் உங்கள் மடிப்பை எடையில் போட்டுப் பார்த்தேன். ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தேன். முதல் வரிசை 255 அரிசி, 6 கிராம் சொச்சம். கோழிக்குஞ்சுக்குக்கூட காணாது. இரண்டு வரிசை 1.6 கிலோ, வீட்டில் ஒரு விருந்துக்குச் சமைக்கலாம். பாதிப் பலகை 107 டன். பத்து டன் லாரி என்றால் பதினொரு நடை, ஒரே நாளில் என் மேடையில் எடை போட்டு அனுப்பிவிடுவேன். ராஜாவும் இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

மிச்சப் பாதியில்தான் கதை. முழுப் பலகைக்கு 461 பில்லியன் டன் வருகிறது. உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி சுமார் 500 மில்லியன் டன் என்று வைத்தால் 900 வருட விளைச்சல். பாயசம் கொடுத்து அடைக்கிற கடன் இல்லை இது.

பால்மரத்துப் பேரன் (ஞாயிறு, காலை 9.02)

இதே கணக்கை எங்கள் பாட்டி வேறு மாதிரிச் சொல்லும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போன ஒருத்தன் கங்காணியிடம், “முதல் நாளைக்கு ஒரு காசு போதும், தினமும் இரட்டித்துக் கொடு, முப்பதே நாள்” என்று கேட்டானாம். கங்காணி சிரித்துக்கொண்டே கூலிப் பதிவான செக்ரோலில் பேர் எழுதிக்கொண்டானாம். முப்பது நாள் கூலி 10,737,418 வெள்ளி 23 காசு. தோட்டத்தையே விற்றாலும் கட்டுமா தெரியாது. அந்தக் கங்காணி என்ன ஆனான் என்று கேட்டால் மட்டும் பாட்டி தூங்கிவிடும்.

கோப்பி ஓ கோசோங் (ஞாயிறு, காலை 9.10)

பெரியவர் ரொட்டியிலும் அதே கதிதான் ஆகப்போகிறது. அவர் பந்தயம் கட்டும்போது நாள் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறதே!

எடைமேடை மகள் (ஞாயிறு, பகல் 11.40)

வணக்கம், மகள்தான். அப்பா கைப்பேசியில் எழுத நேரமாகிறது, நானே கணக்குத் திறந்துவிட்டேன்.

டீச்சர், 3, 5, 17 பகா எண்கள். 257க்கு 13 வரைக்கும் பார்த்தால் போதும், பார்த்துவிட்டேன், பகா எண்தான். 65,537க்கு 256க்குள் உள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும், ஐம்பத்து நான்கு இருக்கிறது. போடலாம், ஆனால் கை வலிக்கும். 4,294,967,297க்கு 65,536 வரைக்கும் பார்க்க வேண்டும். அதற்கு நான் படிவம் 5 முடித்துவிடுவேன். அதுவும் பகா எண்ணாகத்தான் இருக்குமா? மற்ற ஐந்தும் அப்படித்தானே இருக்கின்றன.

பினாங்குப் பையன் (ஞாயிறு, பகல் 12.25)

தங்கச்சி, நீ இப்போது நினைத்ததைத்தான் ஃபெர்மா என்ற கணித மேதையும் நினைத்தார், 1640-இல். 3, 5, 17, 257, 65,537 என்று ஐந்தும் பகா எண்ணாக இருப்பதைப் பார்த்து, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணே என்று நம்பிவிட்டார். அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் யாரும் மறுக்கவில்லை. 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை வந்து ஆறாவதான 4,294,967,297 உடையும் என்று காட்டினார். 641 × 6,700,417.

ஐயையோ, விடையைப் போட்டுவிட்டேன்.

எடைமேடை மகள் (ஞாயிறு, பகல் 12.31)

பரவாயில்லை அண்ணா. 641 என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொன்றாகப் போட்டாரா?

கணக்கு டீச்சர் (ஞாயிறு, பிற்பகல் 3.15)

நல்ல கேள்வி. இரண்டு பகுதியாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

641-ஐ எப்படித் தேடுவது? இந்த வகை எண் உடைந்தால், உடையும் துண்டு எதுவானாலும் ஒரு சட்டத்துக்குள்தான் இருக்கும் என்று ஆய்லர் கண்டுபிடித்தார். 4,294,967,297-இன் எந்தப் பகாக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும். பிறகு 1878-இல் லூகா என்பவர் அதை இன்னும் இறுக்கினார்: 128ஆல் வகுத்தாலும் மீதி 1. அப்படியானால் 129, 257, 385, 513, 641 என்றுதான் போக வேண்டும். 129 மூன்றின் மடங்கு, 385 ஐந்தின் மடங்கு, 513 மூன்றின் மடங்கு. இவை பகா எண் இல்லை, தள்ளிவிடலாம். மிச்சம் 257, 641.

257-ஐயும் தள்ளலாம். காலையில் போட்ட மடிப்பை மறுபடி பாருங்கள். 3-உடன் 2 கூட்டினால் 5. 3 × 5-உடன் 2 கூட்டினால் 17. 3 × 5 × 17-உடன் 2 கூட்டினால் 257. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்த அத்தனையின் பெருக்கத்தைவிட 2 அதிகம். அப்படியிருக்க, 257 தனக்குப் பின்னால் வரும் ஒன்றை வகுக்க முடியுமா? வகுத்தால் மீதி 2 நிற்கும். ஆகவே 257 அவுட். முதலில் முயல வேண்டிய எண்ணே 641தான்! 65,536 வரை போக வேண்டும் என்று பயந்தாய் அல்லவா?

இனி, 641 வகுக்கிறது என்பதை நீள்வகுத்தல் இல்லாமல் காட்டுகிறேன். இது எனக்குப் பிடித்த இடம்.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1. இன்னொன்று, 625 + 16. இதில் 640 என்பது 5 × 128. 625 என்பது ஐந்தை நான்கு தடவை பெருக்கியது. 16 என்பது இரண்டை நான்கு தடவை பெருக்கியது.

640, 641-ஐவிட ஒன்று குறைவு. ஆகவே 640-ஐ 640ஆல் பெருக்கினால் 641-க்கு மீதி 1. நான்கு தடவை பெருக்கினாலும் மீதி 1தான். 128 என்பது இரண்டை ஏழு தடவை பெருக்கியது, ஆகவே 640-இன் நான்காம் அடுக்கு என்பது 625 × 2^28 (2^28 என்றால் இரண்டை 28 தடவை பெருக்கியது). இதை நினைவில் வைத்துக்கொள்.

அடுத்தது, 641 × 2^28. இதை 641ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆனால் 641 = 625 + 16. ஆகவே 625 × 2^28-உம் 16 × 2^28-உம் சேர்ந்து மீதி பூச்சியம். முதல் பகுதியின் மீதி 1 என்று மேலே பார்த்தோம். அப்படியானால் இரண்டாம் பகுதி ஒன்று குறையாக நிற்க வேண்டும். இரண்டாம் பகுதி எது? 16 × 2^28, அதாவது 2^32. அதோடு ஒன்றைக் கூட்டினால் குறை தீர்ந்தது. 2^32 + 1 = 4,294,967,297. முடிந்தது.

வெளிக்காட்டுக்காரர் (ஞாயிறு, பிற்பகல் 4.02)

டீச்சர், மூன்று தடவை படித்தேன், மூன்றாவது தடவை புரிந்தது. கடைசி வரியில் அந்த ஒன்று வந்து உட்காரும் இடம் இருக்கிறதே, அடடா.

கடைத்தெரு வாசகன் (ஞாயிறு, பிற்பகல் 4.20)

641 சரி. ஆனால் 6,700,417 பகா எண் என்று எப்படி நம்புவது? பெரியவர் லேசில் விடமாட்டார், எனக்குத் தெரியும் அவரை. சங்கக் கூட்டத்தில் ஐந்து வெள்ளி கணக்குக்கு ஒரு மணி நேரம் நின்றவர்.

எடைமேடை மகள் (ஞாயிறு, மாலை 6.48)

நான் போட்டுவிட்டேன்! டீச்சர் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும், ஏனென்றால் 6,700,417-ஐ உடைக்கும் எதுவும் 4,294,967,297-ஐயும் உடைக்கும். அதன் வர்க்கமூலம் 2,588க்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் 128ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. 257 ஏற்கெனவே அவுட். மற்ற நான்கையும் கையால் வகுத்தேன்.

641க்கு மீதி 44. 769க்கு மீதி 120. 1153க்கு மீதி 334. 1409க்கு மீதி 622. ஒன்றும் போகவில்லை. ஆகவே அது பகா எண்.

65,537க்கும் அதே மாதிரி. அதற்கு 64தான் சட்டம் என்று டீச்சர் அப்பாவின் கைப்பேசியில் சொன்னார். 65, 129, 193. இதில் பகா எண் 193 ஒன்றுதான். 193 × 339 = 65,427, மீதி 110. ஐம்பத்து நான்கு வகுத்தல் ஒரே வகுத்தலில் முடிந்துவிட்டது.

ஆகவே: 18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417.

கணக்கு டீச்சர் (ஞாயிறு, மாலை 7.10)

நான்கு மீதியையும் நானும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டுப் பெரியவரிடம் கொடு.

பால்மரத்துப் பேரன் (ஞாயிறு, இரவு 8.00)

ஏழு பகா எண், ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. அப்படியென்றால் மொத்த வகுஎண்கள் இரண்டை ஏழு தடவை பெருக்கியது, 128. ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் 64 ஜோடி, பலகையில் எத்தனை கட்டமோ அத்தனை. இது சும்மா தற்செயல்தான் என்று நினைக்கிறேன், ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது.

வகுஎண்களைக் கூட்டினால் அதே எண் வருமா, 6, 28 மாதிரி?

கணக்கு டீச்சர் (ஞாயிறு, இரவு 8.21)

வராது. தன்னைத் தவிர்த்து மற்ற வகுஎண்களையெல்லாம் கூட்டினாலும் நம் எண்ணில் நூற்றுக்கு எழுபது பங்குதான் தேறும்.

வெளிக்காட்டுக்காரர் (திங்கள், காலை 6.15)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது முளைக்குச்சி அடிக்கும் வேலை என்னுடையது. செம்பனையைச் சதுரமாக நடமாட்டோம், முக்கோணமாக நடுவோம், மரத்துக்கு மரம் 9 மீட்டர். ஒரு நிரையில் இரண்டு மரத்துக்கு நடுவில் அடுத்த நிரையின் மரம் விழும். ஹெக்டருக்குச் சுமார் 140 மரம்.

ஒரு தடவை என் பேரன் பள்ளியிலிருந்து பாஸ்கல் முக்கோணம் என்று கொண்டுவந்தான். பார்த்தால் நம் நடவுப் படம்! மேலே ஒரு மரம், கீழே இரண்டு, அதற்குக் கீழே மூன்று. ஒவ்வொரு மரத்துக்கும் மேலே நிற்கும் இரண்டு மரத்தின் எண்ணைக் கூட்டிப் போட வேண்டும். பெரிய எண்ணாக வர வர நான் சலித்துப்போய், ஒற்றை எண் என்றால் மரம், இரட்டை எண் என்றால் காலிக் குழி என்று புள்ளி மட்டும் வைத்தேன். முதல் நிரை ஒரு மரம். இரண்டாவது இரண்டு மரம். மூன்றாவது மரம், குழி, மரம். நான்காவது முழுக்க மரம். ஐந்தாவது ஓரத்தில் இரண்டு மட்டும், நடுவில் மூன்று குழி. ஆறாவது இரண்டு மரம், இரண்டு குழி, இரண்டு மரம். எட்டாவது மறுபடி முழுக்க மரம்.

பினாங்குத் தம்பி விளக்குக் கணக்கு சொன்னாரே, எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூச்சியம். நேற்று ராத்திரி அந்தப் பழைய தாளை எடுத்து, மரத்தை எரியும் விளக்காக வைத்துப் படித்தேன். வலமிருந்து 1, 2, 4, 8 என்று மதிப்பு வைத்து, எரிவதை மட்டும் கூட்டினால் நிரை நிரையாக வருவது: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. நம் காரணிகளும் அவற்றின் பெருக்கங்களும்தானே இவை? இது என்ன கூத்து டீச்சர்?

கணக்கு டீச்சர் (திங்கள், காலை 6.50)

அண்ணே, உங்களுக்கு யாராவது சொன்னார்களா, அல்லது நீங்களாகவே கண்டுபிடித்தீர்களா? இது கூத்து இல்லை, உண்மை. எட்டாவது நிரை முழுக்க மரம், 255. பதினாறாவது நிரை முழுக்க மரம், 65,535. முப்பத்திரண்டாவது நிரை 4,294,967,295, பாதிப் பலகை. அறுபத்து நான்காவது நிரையில் 64 மரமும் நிற்கும். அதை விளக்காகப் படித்தால் நம் எண்ணே வந்துவிடும்.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. 1796-இல் காஸ் என்ற பையன், பதினெட்டு வயது, அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து பக்கமும் கோணமும் சமமான 17 பக்க உருவம் வரையலாம் என்று காட்டினார். எந்தெந்த ஒற்றைப் பக்க எண்ணிக்கைக்கு அப்படி வரைய முடியும் என்றால், இந்த வரிசையில் வரும் பகா எண்களை (இதுவரை தெரிந்தவை 3, 5, 17, 257, 65,537) ஒவ்வொரு தடவை மட்டும் பயன்படுத்திப் பெருக்கி வருபவைக்கு. வேறு எதற்கும் முடியாது என்று 1837-இல் வான்ட்சல் என்பவர் நிரூபித்தார். இந்த ஐந்து பகா எண்களை வைத்து 31 உருவங்கள். உங்கள் இரண்டாவது நிரையிலிருந்து முப்பத்திரண்டாவது வரை எண்ணிப் பாருங்கள், அதே 31, அதே வரிசையில். முப்பத்து மூன்றாவது நிரையில் ஓரத்தில் இரண்டு மரம் மட்டும், அதன் எண் 4,294,967,297. அங்கே 641 வந்து படத்தைக் கெடுத்துவிடுகிறது.

வெளிக்காட்டுக்காரர் (திங்கள், காலை 7.04)

யாரும் சொல்லவில்லை. குச்சி அடித்த கை, அவ்வளவுதான்.

பினாங்குப் பையன் (திங்கள், பகல் 1.10)

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். எனக்கு இந்த எண்ணைவிட அதன் அக்கம்பக்கம்தான் வேடிக்கையாக இருக்கிறது. இதோடு 2 கூட்டினால் டீச்சர் சொன்ன வரிசையில் அடுத்தது வரும்: 18,446,744,073,709,551,617. அதே இருபது இலக்கம். ஆனால் அதில் மடிக்கப் பலகை இல்லை. 274,177 × 67,280,421,310,721 என்று அது உடையும். 1880-இல் லாந்ரி என்ற பிரெஞ்சுக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர், கையால் கணக்குப் போட்டு உடைத்தார். கணினி இல்லை, ஒன்றும் இல்லை.

நம் எண்ணிலிருந்து 58-ஐக் கழித்தால், 14-ஐக் கூட்டினால், இரண்டும் பகா எண்கள். 64 பிட் எல்லைக்குக் கீழே கடைசிப் பகா எண் முதலாவது, எல்லையைத் தாண்டியதும் முதல் பகா எண் இரண்டாவது. நடுவில் ஒரு பகா எண் கிடையாது. வங்கிச் செயலிகளில் பூட்டுப் போட நூற்றுக்கணக்கான இலக்கமுள்ள எண்ணை எடுக்கும்போதும், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, மடிப்பே தெரியாத எண்ணாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நம் எண்ணைப் போல இருந்தால் படிவம் 4 பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் திறந்துவிடும்.

கடைத்தெரு வாசகன் (திங்கள், பகல் 1.35)

தம்பி, 2038-இல் கணினிகளுக்கு ஏதோ ஆகும் என்றார்களே, அது இந்த எண்ணா?

பினாங்குப் பையன் (திங்கள், பகல் 1.48)

அது தம்பி எண், 2,147,483,647. பழைய கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, மலேசிய நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். பெரிய எண்ணுக்கு மாறினால் கவலை இல்லை. நம் எண் நிரம்ப 584 பில்லியன் ஆண்டு வேண்டும், பிரபஞ்சத்துக்கே 13.8 பில்லியன்தான் வயது. ஹனோய் கோபுரம் என்று தட்டுகளை நகர்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு, அதோடு வரும் கதையில் 64 தட்டு. டீச்சர் சொன்ன அதே லூகா 1883-இல் வெளியிட்டது. நொடிக்கு ஒரு தட்டு நகர்த்தினால் அதுவும் இதே 584 பில்லியன் ஆண்டு, ஏனென்றால் நகர்த்தல்களின் எண்ணிக்கை நம் எண்தான்.

பால்மரத்துப் பேரன் (திங்கள், மாலை 5.30)

எல்லாம் சரி, இந்த எண்ணைத் தமிழில் வாயால் சொல்லுங்கள் பார்ப்போம். என் பிள்ளைக்கு மில்லியன், பில்லியன் தெரியும். லட்சம், கோடி என்றால் தொலைக்காட்சி நாடகத்தில் வருவது என்று நினைக்கிறது.

கணக்கு டீச்சர் (திங்கள், மாலை 6.05)

ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்குகிறது. தொல்காப்பியத்திலேயே பெரிய எண்களின் பெயர் எப்படி முடியும் என்று விதி உண்டு. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கோடியோடு நின்றுவிட்டது நாம்தான்.

கோப்பி ஓ கோசோங் (திங்கள், மாலை 6.11)

அரிசிக்கு வெள்ளம் என்று பெயர் வைத்தால் நனைந்துவிடாதா டீச்சர்.

செம்பனைக் கிராணி (புதன், காலை 9.45)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் காலை மகள் எழுதிய தாளைப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். 769க்கு மீதி 120 வருகிறதா என்று பேனா வாங்கி அவரே மேசையில் வகுத்துப் பார்த்தார். வந்தது. ஒரு ரொட்டி சானாய் வந்தது. நேற்று இரண்டு. இன்று நான்கு, அதில் இரண்டை அவரே சாப்பிட்டுவிட்டார். மகளுக்குத் தனியாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார், அதில் 18,446,744,073,709,551,617 என்று மட்டும் எழுதியிருக்கிறது.

எடைமேடை மகள் (புதன், மாலை 4.20)

அவருக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன். பினாங்கு அண்ணா போட்டதை நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சர், இதற்குச் சட்டம் 256தானே? 274,177-இல் ஒன்றைக் கழித்து 256ஆல் வகுத்தால் சரியாக 1071 வருகிறது. அப்படியென்றால் லாந்ரி தாத்தா 257-லிருந்து தொடங்கியிருந்தால் 1071ஆவது எண்ணில் கிடைத்திருக்கும். அதில் பகா எண்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். பள்ளி விடுமுறையில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

கோப்பி ஓ கோசோங் (புதன், மாலை 4.26)

போடு தங்கச்சி. நாளைக்கு எட்டு ரொட்டி. நானும் வருகிறேன்.

செம்பனைக் கிராணி (வியாழன், காலை 8.05)

பெரியவர் இன்று வரவில்லை. ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார்.